வெள்ளம் கொண்டு வந்த கல்

நில அளவை அலுவலகத்தில் அவர் மூன்று முறை டோக்கன் எடுத்திருக்கிறார். முதல் முறை பதினேழு. அடுத்த முறை நாற்பத்தொன்று. மூன்றாம் முறை எட்டு. எட்டாம் நம்பரைக் கூப்பிட்டபோது அவர் அங்கே இல்லை. எதிர்க்கடையில் டீ குடித்து, பக்கத்து உரக்கடைக்காரரிடம் மழை பற்றி விசாரித்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு பாதி வழி வந்துவிட்டிருந்தார். இத்தனைக்கும் தன் வயலை அளக்க வைக்கத்தான் பத்தொன்பது வருஷமாக அவர் துடித்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் உட்கார்வதுதான் முடியவில்லை.

பம்பரம் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். வயது எழுபத்தொன்பது. சாப்பாடு நின்றுகொண்டே. வீட்டுக் கூடத்தில் அவருக்கென்று வாங்கிய மர நாற்காலி முப்பது வருஷமாகியும் கைப்பிடி தேயாமல் புதிதாக இருக்கிறது; அதன் முதுகில் துண்டு காயும். சுவரில் மாட்டியிருக்கும் கல்யாணப் போட்டோவில் எல்லோரும் தெளிவாக விழுந்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு மட்டும் இரண்டு முகம். போட்டோக்காரர் "ஆடாதீங்க" என்று சொன்ன அதே நொடியில் வாசல் பக்கம் மாடு அவிழ்ந்துகொண்டதா என்று திரும்பிப் பார்த்திருக்கிறார். எந்த முகத்துக்குக் கழுத்தை நீட்டினேன் என்று இன்னும் தெரியவில்லை என்று அவர் மனைவி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலையிலும் அதே கதைதான். பக்கத்து வயல்களில் நாற்று விடுவதற்கு ஒரு வாரம் முன்பே இவர் விட்டிருப்பார். நட்ட நாற்று வேர் பிடித்ததா என்று மூன்றாம் நாளே ஒன்றைப் பிடுங்கிப் பார்ப்பார். பிடித்திருந்தால் அதைத் திரும்ப நட வேண்டும். ஒரு வருஷம் கதிர் முற்றும்வரை பொறுக்காமல் அறுத்துப் பாதி பதரானது. அடுத்த வருஷம் அதே அவசரத்தில் பத்து நாள் முன்னால் அறுத்ததால், எல்லோர் வயலும் மழையில் சாய்ந்தபோது இவருடைய நெல் மட்டும் வீட்டுக்குள் இருந்தது. அந்த ஒரு வருஷத்தை வைத்தே மீதி எல்லா வருஷத்துக்கும் நியாயம் சொல்வார். அந்தப் பகுதியில் மாட்டை விற்று முதலில் டிராக்டர் பிடித்தவர் அவர். சோளம், கரும்பு, மிளகாய், மறுபடி நெல் என்று மாற்றி மாற்றிப் போட்டவரும் அவர்தான்.

அவருக்கு ஒரே தம்பி. நாலு வயது சின்னவர். அண்ணன் ஓடும் தூரத்தை நடந்து கடப்பவர், நடக்கும் தூரத்தை உட்கார்ந்து யோசிப்பவர். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானா என்று அவர்களுடைய அம்மாவிடமே கேட்டவர்கள் உண்டு.

பம்பரத்துக்கு இருபத்தாறு வயதானபோது அப்பா நிலத்தை இரண்டாகப் பிரித்தார். தெருவிலிருந்து வாய்க்கால்வரை முந்நூறடி நீளம். நடுவில் ஒரு வரப்பு. தெரு முனையில் ஒரு கல், வாய்க்கால் முனையில் ஒரு கல். ஒவ்வொரு கல்லின் தலையிலும் உளியால் இரண்டு கோடு போட்டு, மகன்கள் இருவரையும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வைத்துக் குழியில் இறக்கினார். "நாளைக்கு எதுனா தகராறுன்னா ரெண்டு கல்லுக்கும் நடுவுல கயித்தக் கட்டிப் பாத்துக்குங்க. என்னைக் கேக்காதீங்க" என்றார். கேட்கும் நிலைமை வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பன்னிரண்டு வருஷம் கழித்து ஆற்றுக்கரை உடைந்தது. அன்றைக்குத் தம்பியின் மனைவி சிக்கலான பிரசவத்தில் டவுன் ஆஸ்பத்திரியில் இருந்தார். பாலம் போய்விட்டதால் தம்பியும் அங்கேயே மாட்டிக்கொண்டார். நாலாம் நாள் தண்ணீர் வடிந்தபோது வயல் முழுக்க முழங்கால் உயரத்துக்கு வண்டல். வரப்பு என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை. தெருமுனைக் கல்லின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. வாய்க்கால்முனைக் கல்லைக் காணவில்லை.

வேறொருவராக இருந்தால் தம்பி வரட்டும் என்று காத்திருப்பார். பம்பரம் மறுநாள் காலையே சேற்றில் இறங்கிவிட்டார். வாய்க்கால் கரையில் நின்ற மின்கம்பத்துக்கு நேர் கீழேதான் கல் இருந்தது என்பது அவர் ஞாபகம். கம்பத்தைக் கண்ணால் குறிவைத்து, மூன்றே நாளில் ஒற்றை ஆளாக முந்நூறடி வரப்பைக் கட்டி முடித்தார். கையோடு மேட்டில் தப்பித்திருந்த நாற்றைப் பறித்து வந்து, ஆள் வைத்து இரண்டு வயலிலும் நட்டார். பதினொன்றாம் நாள் பச்சைக் குழந்தையோடு வந்து இறங்கிய தம்பிக்கு வயல் நட்டு முடிந்திருந்தது. தம்பி வரப்பில் ஒருமுறை நடந்து போனார், திரும்பி வந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, பம்பரத்தின் ஏர் வாய்க்கால் பக்கம் எதிலோ இடித்துக் கொழு உடைந்தது. வரப்பிலிருந்து ஏழெட்டு அடி உள்ளே, தன் வயலில்தான். காலால் தடவிப் பார்த்தார், ஏதோ கல். வெள்ளம் கொண்டு வந்து போட்டிருக்கிறது என்று முடிவு கட்டினார். தோண்டி எடுக்க அரை நாளாகும். அரை நாளெல்லாம் அவரிடம் ஏது? அடுத்த சாலில் ஏரைத் தூக்கிக்கொண்டு தாண்டினார். அதற்கு அடுத்த வருஷமும் தாண்டினார். வீட்டில் அதற்கு வெள்ளக்கல் என்று பெயரே விழுந்துவிட்டது. டிராக்டர் வந்த பிறகு, ஒவ்வொரு உழவிலும் அந்த இடம் வந்ததும் வரப்பில் நின்று டிரைவரைப் பார்த்துக் கத்துவார்: "வெள்ளக்கல்லு, தூக்கு, தூக்கு." டிரைவர்கள் மாறினார்கள், டிராக்டர்கள் மாறின, கத்தல் மாறவில்லை. கையில் எதையும் சும்மா வைத்திருக்கத் தெரியாத மனிதர் வாழ்நாளில் சும்மா விட்டது அந்தக் கல்லை மட்டும்தான்.

வரப்பை மட்டும் விடவே இல்லை. ஒவ்வொரு நடவுக்கு முன்னும் வரப்பின் பக்கவாட்டில் முளைத்திருக்கும் புல்லை மண்ணோடு சீவி எடுக்க வேண்டும். அதற்கு அண்டை வெட்டுதல் என்று பெயர். வெட்டிய இடத்தில் புதுச் சேற்றைக் குழைத்துப் பூசினால்தான் எலி வளை அடைபடும், தண்ணீர் கசியாது. பம்பரத்துக்கு வெட்டுவது பிடிக்கும், பூசுவது பிடிக்காது. பூச நிதானம் வேண்டும். அதனால் இவர் தன் பக்கம் வெட்டிக்கொண்டே போவார். வரப்பு மெலிந்து கசியத் தொடங்கும். அந்தப் பக்கம் தம்பி, வேறு வழியில்லாமல், தன் வயல் சேற்றை எடுத்துக் கெட்டியாகப் பூசுவார். தெருமுனையில் கல் கண்ணெதிரே நிற்பதால் அங்கே அண்ணனின் கை கொஞ்சம் அடங்கும். வாய்க்கால் பக்கம் போகப்போக மண்வெட்டிக்கு வேகம் கூடும்.

வருஷா வருஷம் இத்தனை வெட்டியும் வரப்பு ஏன் குறையவில்லை? பம்பரத்துக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. தம்பி பூசிப் பூசி வரப்பை என் பக்கம் தள்ளுகிறான் என்று நினைத்தார். மண் எந்தப் பக்கம் சேர்கிறது என்று நின்று பார்க்க அவருக்கு நேரமில்லை.

அறுபதாவது வயதில் அது வெடித்தது. தம்பி வரப்பின் மேல் வரிசையாகப் பயறு ஊன்றியிருந்தார். கதிரடிக்கும் இயந்திரத்தைச் சுற்றி இருபது பேர் நின்ற இடத்தில், பிடுங்கிய பயற்றுச்செடிகளைக் கையில் வைத்துக்கொண்டு பம்பரம் கேட்டார்:

"அப்பன் பிரிச்சுக் குடுத்தது பத்தலன்னு என் மண்ணத் திருடித் திங்கிறியா?"

தம்பி தோளில் மூட்டை வைத்திருந்தார். அதை மெதுவாக இறக்கி வைத்தார். அண்ணனை ஒருமுறை பார்த்தார். வீட்டுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். அதற்கப்புறம் பத்தொன்பது வருஷம் இருவரும் பேசவில்லை.

பேசாமல் இருப்பது ஒன்றும் லேசான வேலையில்லை. இருவரும் தினமும் கூப்பிடு தூரத்துக்கும் குறைவான தூரத்தில் வேலை செய்தார்கள். தண்ணீர் திறக்க, அடைக்க, மருந்தடிக்கும் நாளைச் சொல்ல, எல்லாவற்றுக்கும் நடுவில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. "அந்த வயக்காரர்கிட்ட சொல்லு" என்று பம்பரம் டிராக்டர் டிரைவரிடம் சொல்வார். அந்த வயற்காரர் பத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். டிரைவரும் முறை தவறாமல் திரும்பி நின்று அதையே இன்னொரு தடவை சொல்வார். பம்பரத்தின் மனைவி இறந்த அன்று தம்பி வந்து வாசலில் பகல் முழுக்க நின்றார். தூக்கும்போது தோள் கொடுத்தார். பேசாமல் திரும்பினார். வரப்பின் அந்தப் பக்கம் சேறு பூசுவதை மட்டும் ஒரு வருஷமும் நிறுத்தவில்லை.

பம்பரத்துக்கு ஒரே ஆசை. சர்வேயரைக் கூட்டி வந்து அளக்க வேண்டும். தான் சொன்னது சரி என்று அதே இருபது பேர் முன்னால் தெரிய வேண்டும். இருபதில் இப்போது பதினொரு பேர்தான் உயிரோடு இருக்கிறார்கள் என்பதையும் அவரே சொல்வார். தான் சொன்னது தப்பாக இருந்தால் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அப்படி நினைக்க உட்கார வேண்டும்.

போன வருஷம் இதயம் கொஞ்சம் தடுமாறியது. டாக்டர் ஓய்வு என்று சொன்ன வார்த்தையை அவர் திட்டாக எடுத்துக்கொண்டார். விவசாயத்தை மகள் கையில் எடுத்தார். நாற்பத்தைந்து வயது, பஸ் ஓட்டுநரின் மனைவி, அப்பாவின் வேகமும் சித்தப்பாவின் நிதானமும் பாதிப்பாதி. வாய்க்காலிலிருந்து இரண்டு வயலுக்கும் பொதுவாக எல்லையோரம் குழாய் பதிக்கப் பாசன அலுவலகத்தில் கேட்டபோது, முதலில் எல்லையை அளந்துகொண்டு வாருங்கள் என்றார்கள். மகள் போய் டோக்கன் எடுத்தார். அறுபத்திரண்டாம் நம்பர். பின்னல் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நாள் முழுக்க உட்கார்ந்து, தேதியோடு திரும்பினார்.

"உக்காந்திருந்தா வேலை நடக்குதுப்பா" என்றார்.

"எனக்கும் சேத்து உன் சித்தப்பன்தான் உக்காந்திருக்கானே" என்றார் அப்பா.

சர்வேயர் வந்தது அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடந்த ஒரு காலையில். முப்பது வயதுப் பெண், தலையில் தொப்பி, கூட ஓர் உதவியாளர், மூன்று கால் கருவி, ஒரு பழைய வரைபடத்தின் நகல். பம்பரம் விடியற்காலையிலிருந்தே வயலைச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பதினொரு பேரில் நடக்க முடிந்த ஆறு பேரைக் கூப்பிட்டும் வைத்திருந்தார். தம்பி தன் வயல் மூலையில் குடையை விரித்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

கருவியைத் தெருமுனைக் கல்லின் மேல் நிறுத்தினார்கள். சர்வேயர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி பார்த்தார்.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க. எங்க திருப்பினாலும் நீங்கதான் தெரியுறீங்க."

"நின்னா விழுந்துருவேம்மா. பேரே அப்படி."

ஆறு பேரும் சிரித்தார்கள். மகள் அப்பாவின் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார். உதவியாளர் கோலை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தார். இடது, இன்னும் இடது என்று சர்வேயர் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். இடது பக்கம் பம்பரத்தின் வயல். கோல் வரப்பிலிருந்து இறங்கி உள்ளே போனது. மூன்றடி, ஆறடி, ஒன்பதடி. அங்கே நின்றது.

பம்பரம் கையை உதறிக்கொண்டு ஓடினார். எழுபத்தொன்பது வயதில் அது ஓட்டம்தான்.

"தப்பாப் போறீங்கம்மா. வரப்பு அந்தப் பக்கம் இருக்கு பாருங்க."

"வரப்பு கணக்கில்ல ஐயா. கல்லுதான் கணக்கு. வரைபடப்படி கல்லு இங்க இருக்கணும்."

"இங்க ஒரு கல்லு இருக்கு" என்றார் பம்பரம். "ஆனா அது வெள்ளத்துல வந்த கல்லு."

சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் பாதியாகிவிட்டது. உதவியாளர் கடப்பாரையைப் போட்டார். அரை அடி ஆழத்தில் சத்தம் கேட்டது. மண்ணை வழித்துவிட்டு, பாட்டில் தண்ணீரை ஊற்றித் துணியால் துடைத்தார். ஏர்க்கொழுவும் டிராக்டரும் சிராய்த்த தழும்புகளுக்கு நடுவில், உளியால் போட்ட இரண்டு கோடு.

யாரும் சிரிக்கவில்லை. ஆறு பேரில் ஒருவர் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். பம்பரம் நின்றார். அவர் அப்படி நின்று பார்த்ததே இல்லை என்று அன்று வந்திருந்த எல்லோரும் சொல்கிறார்கள். பிறகு தம்பி இருந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார். குடை மட்டும் எழுந்து மெதுவாக வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்கு அவர் சாப்பிட வரவில்லை. வயலைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பதினாலு சுற்று வரை எண்ணிய மகள் அப்புறம் விட்டுவிட்டார். மறுநாள் காலை, தப்பான வரப்பை வெட்டி எறிய மண்வெட்டியோடு அதன் வாய்க்கால் முனையில் நின்றார். காய்ந்த வரப்பு கருங்கல் மாதிரி இருந்தது. மண்வெட்டி பட்ட இடத்தில் கீறல் விழுந்தது, மண் விழவில்லை. பத்து வெட்டுக்குள் மூச்சு வாங்கியது. மகள் சொல்லிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார், கடைசியில் மண்வெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படி இருவரும் இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் பின்னால் குரல் கேட்டது.

"வெட்டாத. காஞ்ச மண்ணு. தண்ணி விட்டா தானா இளகும். பத்து நாள் பொறு."

பத்தொன்பது வருஷத்தில் முதல் பேச்சு. தம்பியின் தோளில் ஒரு சுருள் கயிறு, கையில் ஒரு கட்டு மூங்கில் முளைக்குச்சி.

"பத்து நாளா?" என்றார் பம்பரம், அதுதான் பெரிய அதிர்ச்சி என்பதுபோல. பிறகு கேட்டார்: "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னைக்கே. கல்லு கம்பத்துக்கு நேரே இல்ல, தள்ளி இருந்துச்சு. நடந்து பாத்தேன்."

"அப்பவே வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"என் பொண்டாட்டி பொழைப்பாளான்னு தெரியாம நான் அங்க உக்காந்திருக்கேன். நீ இங்க ஒத்த ஆளா சேத்துல நின்னு எனக்கும் சேத்து நட்டு வெச்சிருக்க. அந்த நேரத்துல வந்து, அண்ணே, வரப்பு கோணலா இருக்குன்னு சொல்லவா?"

பம்பரம் கைப்பிடியை விட்டார். மகள் மண்வெட்டியை மெதுவாகத் தன் பக்கம் வாங்கிக்கொண்டார்.

"சரி, அப்ப சொல்லல. நான் அன்னைக்கு அத்தனை பேரு முன்னாடி கேட்டேனே, அப்ப?"

"அப்ப சொல்லக் கூடாதுன்னு தோணுச்சு." தம்பி கயிற்றைத் தோளிலிருந்து இறக்கினார். "அதுக்கப்புறம் ஒவ்வொரு உழவுக்கும் நீ வரப்புல நின்னு, வெள்ளக்கல்லு, தூக்கு தூக்குன்னு கத்துவ பாரு. நான் இந்தப் பக்கம் குனிஞ்சு சிரிச்சுக்குவேன். வருஷத்துக்கு ரெண்டு தடவ. அத விட மனசு வரல."

மகள் வாயைப் பொத்திக்கொண்டார். பம்பரத்தின் முகத்தில் கோபம் வந்தது, போனது, எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் அலைந்தது.

தம்பி அதற்குள் தெருமுனைக்கு நடந்துகொண்டிருந்தார். தன் வேகத்தில்தான். கயிற்றின் ஒரு நுனியை அங்கே கல்லில் கட்டினார். சுருளைப் பிரித்துக்கொண்டே முந்நூறடி திரும்பி வந்தார். வாய்க்கால்முனைக் கல் குழிக்குள் கிடந்ததால் கயிற்றை அதில் கட்ட முடியாது. அதற்கு நேர் மேலே உயர்த்திப் பிடிக்க வேண்டும். மகள் ஒரு கொம்பை நட்டு அதில் கட்டலாம் என்று தேடப் போனார்.

"கொம்பு வேணாம்மா" என்றார் சித்தப்பா. "உங்கப்பன் பிடிக்கட்டும்."

நுனியை அண்ணன் கையில் கொடுத்தார். "இழுத்துப் பிடி. விட்டா முதல்லேருந்து வரணும்."

பிறகு மறுபடி தெருமுனைக்குப் போனார். அங்கிருந்து பத்தடிக்கு ஒரு முளை. ஒவ்வொன்றையும் கயிற்றோடு ஒட்ட வைத்து, எட்டி நின்று பார்த்து, நுனி விரலால் நகர்த்தி, மறுபடி எட்டி நின்று பார்த்து, கல்லால் அடித்து இறக்கினார். ஐந்தாவது முளைக்கு அப்புறம் துண்டை விரித்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"சீக்கிரம் வாடா" என்று பம்பரம் கத்தினார்.

தம்பி கையைக் காதருகே வைத்து, கேட்கவில்லை என்று சைகை காட்டினார்.

வெயில் ஏறியது. பம்பரம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். மூக்கு அரித்தது, தோளில் தேய்த்துக்கொண்டார். வாய்க்காலில் எங்கோ மடை உடைந்ததுபோலச் சத்தம் கேட்டது. உடம்பு திரும்பியது, கை திரும்பவில்லை. மகள் நாற்காலி கொண்டுவரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினார். கல்லுக்கு மேலே, தான் நாற்பது வருஷமாகத் தாண்டிப் போன இடத்தில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். முளை ஒவ்வொன்றாகக் கிட்டே வந்தது. பதினைந்து. இருபது. அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது, எதையோ சொல்லிப் பார்ப்பதுபோல.

இருபத்தொன்பதாவது முளையை இறக்கிவிட்டுத் தம்பி எழுந்தபோது இருவருக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை. பம்பரம் கயிற்றைக் கை மாற்றிப் பிடித்தார்.

"அன்னைக்கு உன்னைத் திருடன்னு சொன்னது..." என்றார். "அத்தனை பேரு முன்னாடி. அது என் தப்பு. மிச்சம் இருக்கறவங்களக் கூப்பிட்டுச் சொல்றேன். இன்னைக்கே சொல்றேன்."

தம்பி கடைசி முளையைக் கையில் வைத்துக்கொண்டு கயிற்றின் வழியே ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

"கயிறு தொய்யுதுண்ணே" என்றார். "இழுத்துப் பிடி."